ஒயில் வடிந்த இடம்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொந்தமாக ஒரு ஜீப் இருக்கிறது. 1989இல் ஜப்பானில் செய்த வண்டி. டீசல் என்ஜின், நான்கு சில்லும் இழுக்கும். கத்தாரில் நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த ஹாஜியார் ஒருவர், மௌத்தான தன் உம்மாவின் பேரில் ஸதக்காவாகக் கொடுத்தது. ஊரில் அதற்குப் 'பள்ளி ஜீப்' என்றுதான் பெயர்.

அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இப்படியொரு வண்டியின் பெறுமதி தெரியும். ஊருக்கு மேற்கே வட்டை. பெரும்போகக் காலத்தில் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும் அந்தக் கிரவல் பாதையில் காரும் வராது, ஓட்டோவும் வராது. இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 சுவசெரிய, 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. இப்போது எங்கள் பிரதான வீதிக்கும் அது வருகிறது. ஆனாலும் வாடிக்குள் படுத்திருந்தவனைப் பாம்பு கடித்தால், அவனைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க ஜீப்தான் போகவேண்டும். இரவில் வலி கண்ட பெண்களைக் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. அங்கிருந்து ஜனாஸாக்களையும் கொண்டுவந்திருக்கிறது.

"பழைய இரும்பு, வித்துப்போட்டு வேறொண்டு வாங்குங்களன்" என்று சொல்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். எரிபொருளுக்கு கியூ.ஆர். காட்டி வரிசையில் நின்ற நாட்களில் பழைய வண்டிகளின் விலையே ஆகாயத்தில் நின்றது. 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், வரியோடு சேர்த்து வரும் விலை சந்தாப் பணத்தில் நடக்கும் ஒரு பள்ளிவாசலுக்கு எட்டுகிற விலையாக இல்லை. ஆகவே இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும். நான் பரிபாலன சபையின் செயலாளர். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கணக்குப் புத்தகமும் கூட்டறிக்கைப் புத்தகமும் என்னிடம்தான் இருக்கும்.

*

2023 செப்டம்பரில் ஜீப்பின் இடதுபக்கப் பின்சில்லின் உட்புறத்தில் ஒயில் வடியத் தொடங்கியது. டயரின் உள்பக்கம் கறுத்து நனைந்திருக்கும். காலையில் எடுக்கும்போது நிலத்தில் ஐந்து சதக் குற்றியளவு ஒரு பொட்டு. சாரதித் தம்பிதான் முதலில் கண்டு வந்து சொன்னான். என்னிடம் படித்தவன். கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினாலும் முகம் கோணாமல் எழும்பி வருகிற பிள்ளை.

பக்கத்து ஊர்க் கராஜில் காட்டினோம். "எக்ஸல் சீல் போயிட்டு" என்றார்கள். தம்பி கல்முனைக்குப் போய்ச் சீல் வாங்கி வந்தான். பூட்டினார்கள். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் அதே சில்லில் அதே நனைவு. டிசம்பரில் இன்னொரு சீல். 2024 மார்ச்சில் மூன்றாவது சீல்.

பின் எக்ஸல் என்பது உண்மையில் ஒரு நீண்ட இரும்புப் பெட்டி. நடுவில் வயிறுபோலப் புடைத்திருக்கும் பகுதிக்குள் பெரிய பற்சக்கரமும் அதைச் சுற்றுகிற சிறிய பற்சக்கரமும் கியர் ஒயிலில் குளித்தபடி சுழல்கின்றன. அங்கிருந்து இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள் குழாய்க்குள்ளால் சில்லுவரை போகின்றன. குழாய் முடிகிற இடத்தில், தண்டைச் சுற்றி, ஒரு றப்பர் உதடு. அதுதான் சீல். தண்டு சுழலலாம், ஒயில் மட்டும் வெளியே வரக்கூடாது. இதுதான் அந்த உதட்டின் வேலை. இப்படியான வண்டிகளில் உதட்டுக்கு அப்பால் உடனே இருப்பது பிரேக். ஆகவே சீல் ஒயிலை விட்டால் அது நிலத்தில் சிந்துவதற்கு முன்பு டிரம்முக்குள் போகிறது. பிரேக் சூவை நனைக்கிறது.

மார்ச் கடைசியில் அது நடந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் அவளுடைய உம்மாவையும் ஏற்றிக்கொண்டு தம்பி கல்முனை வீதியில் போகிறான். முன்னால் ஒரு மாடு குறுக்கிட, பிரேக்கை மிதிக்கிறான். வண்டி வலப்பக்கமாக இழுக்கிறது. இடது பின்சில்லு ஒயிலில் நனைந்து பிடிக்காமல் விட, வலது மட்டும் பிடித்ததால் வந்த இழுவை அது. வலப்பக்கத்தில் எதிரே லொறி. அல்லாஹ்வின் உதவியால் லொறிக்காரன் மணலில் இறக்கிவிட்டான். ஒருவருக்கும் கீறல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அன்று அஸருக்குப் பிறகு ஆண் குழந்தை பிறந்தது.

*

பயம் தெளிந்தபிறகு கதை தொடங்கியது. எட்டு மாதத்துக்குள் மூன்று சீல்! யாரும் அவனுடைய முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் ஒருவர், "நல்ல சீல்ர சல்லிய எடுத்துக்கிட்டு கள்ளச் சீலப் போட்டா வடியாம என்ன செய்யும்" என்றாராம். இன்னொருவர், "பில்லு எழுதுற கடைக்காரனும் கூட்டுத்தான்" என்றாராம். கந்தூரி வீட்டில், கபுறடியில், சலூனில் என்று அது நடந்து திரிந்தது. சபைக் கூட்டத்தில் மரைக்கார் ஒருவர் நேரடியாகச் சொல்லாமல், "இனிச் சாமான் வாங்கப் போறதுக்கு வேறொராள அனுப்பினா நல்லம்" என்றார். நான், "ரசீது மூன்றும் என்னிடம் இருக்கின்றன. மூன்றிலும் சாமானின் இலக்கம் எழுதியிருக்கிறது. முதலில் வண்டியைப் பார்ப்போம்" என்றேன். யாரும் மறுக்கவில்லை. ஆனால் யாரும் "ஓம்" என்றும் சொல்லவில்லை.

வாசலில் நின்ற தம்பிக்கு அது கேட்டிருக்கிறது. உள்ளே வந்து சாவியைத் தலைவருக்கு முன்னால் பாயில் வைத்தான். சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த கிழமை தவணைக்கு ஓட்டோ எடுத்து ஓடத் தொடங்கினான்.

ஒரு மனிதனுடைய பெயர் இப்படி ஒயில்போலத்தான் வடிகிறது. எங்கே ஓட்டை என்று தெரியாது. காலையில் பார்த்தால் நிலத்தில் பொட்டு இருக்கும்.

*

எங்கள் ஊருக்குத் தெற்கே, போக்குவரத்துச் சபை டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாஸ் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது வெளி வேலைக்குப் போவதில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் சீலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"நாளைக்கு வண்டியக் கொண்டாங்க சேர். ஆனா ஆறக் கொண்டரப்படாது. முப்பது நாப்பது கிலோமீற்றர் ஓடிப்போட்டு, சூட்டோட கொண்டாங்க" என்றார்.

அப்படியே கொண்டுபோனோம். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜெக்கில் தூக்கி, கீழே மரக்குற்றி வைத்தார். வெறும் ஜெக்கை நம்பி ஒருநாளும் கீழே போகக்கூடாது என்று பக்கத்தில் நின்ற பையனுக்குச் சொன்னார். சில்லின் உட்புறம் வழிந்திருந்ததை விரலால் தொட்டு மணந்தார். பிறகு ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் கேட்டார். அதில் ஒரு துளியை விட்டார். துளி மேலே மிதந்து வட்டமாகப் பரந்தது.

"பிரேக் ஒயில்ண்டா தண்ணியோட கலந்து போயிரும். இது மிதக்குது. கந்தக நாத்தமும் அடிக்குது. கியர் ஒயில்தான், சந்தேகமில்ல" என்றார்.

இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கிளாசை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும்போல இருந்தது. சாதாரண பிரேக் திரவம் கிளைக்கோல் வகை. தண்ணீரோடு கலக்கும். கியர் ஒயில் கலக்காது. சில்லடியில் ஈரம் கண்டால் அது பிரேக் சிலிண்டர் கசிவா, எக்ஸல் கசிவா என்று பிரித்தறிய இதைவிடச் சுருக்கமான பரிசோதனை வேறில்லை. அந்த நாற்றத்துக்கும் காரணம் உண்டு. எக்ஸலுக்குள் சிறிய பற்சக்கரம் பெரியதன் மையத்துக்குக் கீழே தள்ளிப் பொருந்தியிருக்கிறது. பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த உராய்வைத் தாங்கவே கியர் ஒயிலில் கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்மானங்களைக் கலக்கிறார்கள்.

அடுத்து, எக்ஸலின் வயிற்றில் ஒயில் ஊற்றுகிற துவாரத்தின் மூடியில் சாவியைப் போட்டார். "கவனமாக் கேளுங்க சேர்" என்றார். மூடி அரைச் சுற்றுச் சுற்றியதும் 'புஸ்ஸ்' என்று காற்று வந்தது. சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி.

"கேட்டிங்களா? உள்ளுக்கு மூச்சு முட்டிக் கிடக்கு. பாவம், சீல் என்ன செய்யும்?"

பிறகு கீழே படுத்துக்கொண்டு எக்ஸல் குழாயின் மேற்புறத்தைத் தடவினார். கறுப்பாகத் தடித்த ஒரு பூச்சு குழாய் முழுவதிலும் படிந்திருந்தது. ஓரிடத்தில் சின்னதாக ஒரு மொக்கு. திருப்புளியால் சுரண்டினார். பூச்சுக்கு அடியில் சேறு. சேற்றுக்கு அடியில் சட்டைப் பொத்தானளவு ஒரு தொப்பி. அதுதான் பிரீதர், எக்ஸல் மூச்சு விடுகிற வழி. சாதாரணமாக விரலால் பிடித்தால் அந்தத் தொப்பி ஆடவேண்டும், சுழலவேண்டும். இது கல்லாகிக் கிடந்தது.

"எப்ப தொடங்கின வடிய?"

"செப்டம்பர்."

"அதுக்கு முந்தி வண்டிக்கு என்ன வேல செஞ்ச?"

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். 2023 ஆகஸ்ட் 11. 'ஜீப்பின் அடிப்பகுதிக்குத் துருப்பிடிக்காமல் பூச்சு அடித்த செலவு – அன்பளிப்பு.' கடற்கரைக் காற்றில் அடித்தகடு உக்கிப் போகிறதே என்று நல்ல மனம் கொண்ட ஒருவர் தன் செலவில் செய்வித்தது. அடித்தவன் கழுவி முடிப்பதற்கு முன்பே சேற்றின் மேலாகவே அடித்திருக்கிறான். பிரீதர் என்றொன்று இருப்பதை அவன் கவனிக்கவில்லை. அந்த வரிக்கு ஐந்து வரி கீழே, செப்டம்பர் 6, முதல் சீலின் ரசீது. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

*

இதிலுள்ள கணக்கைப் பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். காலையில் எக்ஸலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்று வைப்போம். கெல்வினில் 303. நெடுந்தூரம் ஓடியபின் 80 பாகை. அதாவது 353. கனவளவு மாறாத மூடிய பாத்திரத்தில் அமுக்கம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். 353ஐ 303ஆல் வகுத்தால் 1.165. அதாவது உள்ளே அமுக்கம் ஆறிலொரு பங்கு கூடிவிடுகிறது. வளிமண்டல அமுக்கத்தை ஒரு சதுர சென்றிமீற்றருக்கு ஒரு கிலோகிராம் நிறை என்று எடுத்தால், ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் ஏறக்குறைய 160 கிராம் உள்ளிருந்து தள்ளுகிறது. சீலின் உதடு தெறிக்கிற ஒயிலைத் தடுப்பதற்காகச் செய்தது. நாள் முழுக்கத் தள்ளுகிற காற்றோடு மல்லுக்கட்டச் செய்ததல்ல. வெயிலில் வைத்த வெறும் பிளாஸ்டிக் போத்தல் ஏன் உப்புகிறது என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது.

"அப்ப ஏன் சேர் இடப்பக்கம் மட்டும் வடிஞ்ச?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. நாங்கள் வீதியில் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள். வீதியின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். ஓரத்தில் நிறுத்தும்போதும் இடதுசில்லுகள்தான் தாழ்வில் நிற்கும். ஒயில் தாழ்வான பக்கத்தில் கூடி நிற்க, மேலிருந்து காற்று தள்ளுகிறது. எது வலுக்குறைவோ, எது தாழ்வில் நிற்கிறதோ அது முதலில் விட்டுக்கொடுக்கிறது.

காற்று போகும் வழி அடைபட்டால் இன்னொரு கேடும் உண்டு. சூடேறிய எக்ஸல் திடீரென்று தண்ணீருக்குள் இறங்கினால் உள்காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது சீலின் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஒயில் பால்தேநீர் நிறமாகிவிடும். அது பற்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நஞ்சு. வட்டைப் பாதையில் தேங்கிய தண்ணீரில் நாளாந்தம் இறங்கி ஏறுகிற வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

*

காக்கா அன்றே வேலையைத் தொடங்கினார். வேலை முறையில் அவருக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. ஒயிலை வடியவிடுவதற்கு முன்பு ஊற்றுகிற துவாரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். மேல்மூடி இறுகிப்போய்த் திறக்காவிட்டால், வடியவிட்டபின் வண்டி ஒயிலில்லாமல் அந்த இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். கீழ்மூடியின் காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல்நிறக் களியை விரலில் தேய்த்துக் காட்டினார். இது தேய்மானத் தூள், பயமில்லை. துண்டு துண்டாக இரும்பு வந்திருந்தால் கதை வேறு.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கரிக்குழம்பு. பையன் காற்றுக் குழாயை எடுத்தான். காக்கா தடுத்தார். பழைய பிரேக் சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தூளைக் காற்றால் ஊதினால் அது நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத்தான் துடைக்கவேண்டும். டிப்போவில் தன்னோடு வேலை செய்த இரண்டு பேர் இருமி இருமிப் போனதைச் சொன்னார். காரணம் அதுதானா என்று அல்லாஹ்தான் அறிவான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒயில் குடித்த சூக்களை ஒதுக்கிப் போட்டார். பெற்றோலால் கழுவினால் மேலே உலர்ந்தது போலிருக்கும். பிரேக் சூடாகும்போது உள்ளே ஊறியது திரும்ப வெளிவரும். ஆகவே புதியது. அதுவும் இரண்டு பக்கத்துக்கும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்றால் பிடிமானம் வேறுபடும். இழுவை தீராது.

பிரேக் குழாயைக் கழற்றி, தட்டின் பின்னால் இருந்த நான்கு நட்டுகளை எடுத்ததும் தண்டு பேரிங்கோடு சேர்ந்து வெளியே வந்தது. பேரிங்கைச் சுழற்றிக் காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை. பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலும் சீல் வடியும், ஆகவே அதையும் பார்க்காமல் விடக்கூடாது என்றார். பிறகு குழாயின் வாயிலிருந்து சீலைக் கழற்றித் துடைத்து என்னிடம் தந்தார்.

"நல்லாப் பாருங்க சேர். உதட்டில வெடிப்பில்ல. உள்ளுக்கு ஸ்பிரிங் இருக்கிற இடத்தில இருக்கு. இது கள்ளச் சீலா?"

இரும்பு விளிம்பில் இலக்கம் பதித்திருந்தது. மார்ச் மாத ரசீதை எடுத்து ஒப்பிட்டேன். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஒரே இலக்கம். காக்காவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற மரைக்காரிடமும் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பத் தந்தார்.

கழற்றிய சீலைத் திரும்பப் போடக்கூடாது, ஆகவே நான்காவது சீல் ஒன்று வேண்டும். அதை நான் போய் வாங்கி வந்தேன், அதே கடையில். தண்டில் பழைய உதடு ஓடி ஓடி நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. அதே கோட்டில் புதிய உதடும் உட்கார்ந்தால் காலம் போகாது. காக்கா சீலை இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கும்படி, பலகைத் துண்டை வைத்துச் சுற்றிவரத் தட்டி இறக்கினார். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஒயிலைப் பார்க்கவேண்டும். உதட்டில் கொஞ்சம் ஒயில் பூசினார். வறண்ட உதடு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். தண்டை உள்ளே விடும்போது அதன் பாரம் சீலில் படாமல் நாங்கள் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தோம். பிரேக் குழாயைப் பூட்டிக் காற்றை எடுத்தார். கியர் ஒயில் 80 டபிள்யூ 90, ஜீ.எல். 5 வகை. துவாரத்தின் கீழ்விளிம்பில் சுண்டுவிரல் நனைகிற வரைக்கும் ஊற்றினார். கூட ஊற்றினாலும் சீலைத் தேடித்தான் போகும் என்றார். பழைய ஒயிலைக் கானில் அடைத்துத் தந்தார். வாய்க்கால் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

கடைசியில் பிரீதரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குழாய் பூட்டி, றப்பர் ஹோஸை மேலே என்ஜின் பக்கமாக ஏற்றிக் கட்டினார். இனிச் சேறும் எட்டாது, தண்ணீரும் எட்டாது. முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு அந்த ஹோஸுக்குத்தான். எட்டு மாதத் தலைவலிக்கு மருந்தும் அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு பொட்டும் விழவில்லை. அந்த வருடம் நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளிப் பாதையில் உழவு மெசினில் போன மத்ரஸாப் பிள்ளைகளை நீர் அடித்துக்கொண்டு போன துயரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அதன்பிறகு, ஓடுகிற தண்ணீரில் எங்கள் ஜீப் இறங்கக்கூடாது என்று சபை தீர்மானித்தது. வெள்ளம் வற்றியபின் எக்ஸல் ஒயிலைத் திறந்து பார்த்தோம். பால்நிறமில்லை. தேன்நிறமாகவே இருந்தது.

*

வண்டி சரியாயிற்று. மற்றது அவ்வளவு இலேசில் சரியாகவில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தில் சீலையும் ரசீதையும் நடுவில் வைத்தேன். காக்காவும் வந்து இரண்டு வார்த்தை சொன்னார். தலைவர் நேர்மையான மனிதர். "அந்தத் தம்பிக்கு மேல இருந்த சந்தேகத்த வாபஸ் வாங்கிறமெண்டு எழுதுங்க சேர்" என்றார்.

கூட்டறிக்கைப் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். சந்தேகம் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. 'சாமான் கொள்வனவு பற்றிக் கலந்துரையாடப்பட்டது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். தேநீர்க் கடையில் சொன்னதற்கும் கபுறடியில் சொன்னதற்கும் அறிக்கை கிடையாது. யார் சொன்னது என்று கேட்டால், ஆளாளுக்கு 'சொல்லக் கேட்டது' என்பார்கள். எழுதாத ஒன்றை எந்தப் பக்கத்தில் வெட்டுவது? புறமும் துர்ச்சந்தேகமும் பற்றி ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதை எடுத்த இடத்தில் திருப்பி வைப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் எல்லாரும் சேர்ந்து யோசித்தோம்.

கடைசியில் காரணத்தை எழுதினேன். 'எக்ஸல் ஒயில் வடிந்ததற்குக் காரணம் 2023 ஆகஸ்டில் அடிப்பூச்சு அடித்தபோது பிரீதர் அடைபட்டமை. சாரதி வாங்கிய சீல் மூலச் சீல் என்பது இலக்கம் ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது.' பூச்சுக்குச் செலவு செய்தவரின் பெயரை எழுதவில்லை. அவர் நாடியது நன்மை. இனி அவர் பெயர் தேநீர்க் கடைக்குப் போகவேண்டியதில்லை. அந்த இரண்டு வரிகளையும் மாதாந்தக் கணக்கோடு சேர்த்து ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் வாசிப்பதென்று முடிவாயிற்று. வாசித்தேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சிலர் வழமைபோலச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மஃரிபுக்குப் பிறகு தலைவரும் அந்த மரைக்காரும் தம்பியின் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். மரைக்கார் அவனுடைய கையைப் பிடித்து மாப்புக் கேட்டார். அவன் தேநீர் தந்தான். கோபமில்லை. ஆனால் திரும்ப வேலைக்கு வரச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை.

"ஓட்டோவுக்குத் தவணை கட்டணும் சேர். அத விட்டுட்டு வர ஏலா. ராவையில கேஸ் வந்தா எனக்கு அடிங்க. நான் வாறன்."

அப்படியே வருகிறான். பகலில் ஓட்டுவதற்கு இன்னொரு பையன் இருக்கிறான். அவனுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்ததும் தம்பிதான். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஹோஸின் நுனியில் வாய் வைத்து ஊதிப் பார்க்கவேண்டும், தடையில்லாமல் போகவேண்டும். கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு நிரல் கீறியிருக்கிறேன். 'மூச்சு பார்த்தது' என்று தலைப்பு. பையன் வந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போவான்.